பிறர் பெயரில் ஓடிய இயந்திரங்கள்: வில்ஹெல்ம் மேபாக்கின் வாழ்வும் பணியும்

மோட்டார் வாகனத்தின் தோற்றம் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் ஒட்டோ, டெய்ம்லர், பென்ஸ் ஆகிய பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. மெர்சிடிஸ் என்ற பெயரை அறியாதவர் உலகில் எவருமிலர் எனலாம். ஆனால் அது ஒரு வியாபாரியின் மகளுடைய பெயராகும். அச்சிறுமி எந்த இயந்திரத்தையும் ஆக்கியவளல்லள். இப்பெயர்கள் அனைத்துக்கும் பின்னால், வரைபலகையின் முன்னே தமது வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு மனிதர் இருந்தார். இன்று நாம் காரென்றும் மோட்டார் சைக்கிளென்றும் அழைப்பவற்றின் இயந்திரம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவர் பெயர் வில்ஹெல்ம் மேபாக்.

மேபாக் என்ற பெயரும் இன்று பெருஞ்செல்வந்தர்கள் மாத்திரமே வாங்கக்கூடிய சொகுசுக் கார்களின் பெயராக வழங்கி வருகின்றது. அப்பெயருக்குரியவர் பத்து வயதில் பெற்றோரை இழந்து, தர்ம இல்லமொன்றில் வளர்ந்த ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

மேபாக் 1846 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி தெற்கு ஜேர்மனியின் வூர்ட்டம்பேர்க் இராச்சியத்திலுள்ள ஹைல்புரோன் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும், சில ஆண்டுகளுக்குள் தந்தையையும் இழந்தார். சகோதரர்கள் பிரிய நேர்ந்தது. வில்ஹெல்ம் ரொய்ட்லிங்கன் நகரிலிருந்த சகோதரர் இல்லம் என்னும் நிறுவனத்தில் சேர்க்கப்பட்டார். இதனை நிறுவியவர் குஸ்தாவ் வேர்னர் என்ற புரட்டஸ்தாந்து மதபோதகர். ஆதரவற்றோருக்கு உணவும் உடையும் கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிட்டது என்று அவர் கருதவில்லை. ஆலைகள் பெருகிவந்த அக்காலத்தில் அநாதைகளும் உடற்குறையுள்ளோரும் ஆலைத் தொழிலைக் கற்றுத் தம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதே அவரது கொள்கை. ஆகவே அவரது இல்லம் கடதாசி ஆலையொன்றையும் இயந்திரத் தொழிற்சாலையொன்றையும் நடத்தி வந்தது.

பதினைந்தாவது வயதில் மேபாக் அத்தொழிற்சாலையின் வரைபட அறையில் படவரைஞராகப் பயிலத் தொடங்கினார். பகலில் வேலை. மாலையில் நகரப் பாடசாலையில் கணிதமும் பௌதிகமும். பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. யூலியஸ் வைஸ்பாஹ் எழுதிய பொறிமுறை நூலின் தடித்த பாகங்களைத் தாமாகவே படித்துத் தேறினார் என அவரது வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

1863 ஆம் ஆண்டின் இறுதியில் அத்தொழிற்சாலையின் பொறுப்பை ஏற்க கொட்லீப் டெய்ம்லர் வந்து சேர்ந்தார். அவர் மேபாக்கிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். பேக்கரிக்காரரின் மகனாகப் பிறந்து, துப்பாக்கி செய்யும் தொழிலைக் கற்று, பின் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர். எதிலும் அவசரம், எவரோடும் மோதத் தயங்காத இயல்பு, பெரிய நோக்கம் ஆகியவை அவருடைய குணங்கள். இளம் மேபாக்கோ அமைதியானவர். சொல்லப்பட்டதைக் கேட்டு, அதனைக் காகிதத்தில் வரைந்து, வரைந்தது ஓடும்வரை ஓயாதவர். இவ்விருவரிடையே அங்கு உருவான நட்பு 1900 ஆம் ஆண்டில் டெய்ம்லர் இறக்கும் வரை நீடித்தது. டெய்ம்லர் 1869 இல் கார்ல்ஸ்ரூவுக்குச் சென்றபோது மேபாக்கும் சென்றார். 1872 இல் கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள டொய்ட்ஸ் எரிவாயு இயந்திரத் தொழிற்சாலைக்கு டெய்ம்லர் அழைக்கப்பட்டபோதும் மேபாக் பின்தொடர்ந்தார். அடுத்த ஆண்டே அங்கு வடிவமைப்புப் பிரிவின் தலைவரானார்.

டொய்ட்ஸ் தொழிற்சாலை நிக்கொலாஸ் ஒட்டோவுக்கும் ஒய்கன் லாங்கனுக்கும் உரியது. 1876 ஆம் ஆண்டில் ஒட்டோ தமது நான்கடிப்பு இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். எரிவாயுவையும் வளியையும் உள்ளிழுத்தல், அதனை அமுக்குதல், எரித்துப் பிஸ்டனைத் தள்ளச் செய்தல், எஞ்சிய புகையை வெளியேற்றல் என்னும் நான்கு செயல்களும் ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும் முறை அது. அந்த எண்ணம் ஒட்டோவுடையது. அதனை ஆலைகள் நம்பி வாங்கக்கூடிய ஓர் உற்பத்திப் பொருளாக வரைந்து செம்மைப்படுத்தும் பணி மேபாக்கின் மேசைக்கு வந்தது. அதே ஆண்டில் பிலடெல்பியா உலகக் கண்காட்சியைப் பார்வையிட அவர் அமெரிக்கா சென்றார். நியூயோர்க்கில் ஸ்டைன்வே பியானோத் தொழிற்சாலையில் பணிபுரிந்த தம் சகோதரரையும் அப்பயணத்தில் சந்தித்தார்.

ஒட்டோவின் இயந்திரம் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அது நின்ற இடத்தில் நிற்கும் இயந்திரம். நகரக் குழாய்களில் வரும் எரிவாயுவில் இயங்கியது. நிமிடத்துக்கு 180 சுற்றுகளுக்கு மேல் சுழலவில்லை. ஓர் இயந்திரத்தின் வலு அதன் பருமனில் மட்டுமன்றி, ஒரு நிமிடத்தில் அதனுள் எத்தனை தடவை எரிதல் நிகழ்கிறது என்பதிலும் தங்கியுள்ளது. சுழற்சி வேகத்தை மூன்று மடங்காக்கினால், ஏறத்தாழ அதே வலுவை மிகச் சிறிய இயந்திரத்திலிருந்து பெறலாம். சிறிய இயந்திரமாயின் அதை வண்டியிலும் படகிலும் ஏற்றலாம். டெய்ம்லரும் மேபாக்கும் கண்ட வழி இதுவே. இதற்கு நகரக் குழாயை நம்பாத திரவ எரிபொருளும், விரைவாகத் தீமூட்டும் முறையும் வேண்டியிருந்தன.

டொய்ட்ஸில் டெய்ம்லருக்கும் ஒட்டோவுக்கும் இடையே பிணக்கு முற்றியது. 1882 ஆம் ஆண்டில் டெய்ம்லர் வெளியேறினார். நிலையான பதவியிலிருந்த மேபாக், மனைவியும் பிள்ளையும் இருந்த நிலையிலும் அவரைத் தொடர்ந்தார். ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட் என்னும் ஊரில் டெய்ம்லர் வாங்கிய வீட்டுத் தோட்டத்தின் கண்ணாடிச் செடிவீடு அவர்களது வேலைத்தளமாயிற்று. இரவும் பகலும் அங்கிருந்து வந்த உலோகச் சத்தத்தால் ஐயமுற்ற தோட்டக்காரர், உள்ளே கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று பொலிஸாருக்கு அறிவித்ததாகவும், சோதனையிட வந்தவர்கள் இயந்திரங்களை மட்டும் கண்டு திரும்பியதாகவும் ஒரு கதை வழங்கி வருகின்றது.

1883 ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களது புதிய இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெறப்பட்டது. வெளியே சுவாலையால் சிவக்கச் சூடேற்றப்பட்ட சிறு குழாயொன்று சிலிண்டருக்குள் திறந்திருந்தது. அமுக்கப்பட்ட கலவை அக்குழாயினுள் தள்ளப்பட்டதும் தானே தீப்பற்றியது. பழைய தீமூட்டும் பொறிமுறை தேவையற்றுப்போகவே, இயந்திரம் நிமிடத்துக்கு 600 சுற்றுகளையும் தாண்டிச் சுழன்றது. 1885 இல் அதனை நிமிர்ந்த வடிவில் இன்னும் சிறிதாக அமைத்தனர். உயர்ந்த சுவர்க்கடிகாரம் போன்ற தோற்றத்தால் அது தாத்தா கடிகாரம் என்று பெயர் பெற்றது. சுழலும் பாகங்கள் அனைத்தும் மூடிய பெட்டிக்குள் அடங்கியிருந்தன. தூசியும் சேறும் நிறைந்த தெருவில் ஓடவிருந்த இயந்திரத்துக்கு அது இன்றியமையாத ஏற்பாடாகும்.

அவ்வாண்டு ஓகஸ்ட் 29 ஆம் திகதி ஆக்கவுரிமை பெற்ற வண்டியே பெற்றோலில் ஓடிய முதலாவது மோட்டார் சைக்கிளாகக் கருதப்படுகின்றது. மரச்சட்டம், இரும்புப் பட்டை சூழ்ந்த இரு மரச்சில்லுகள், விழாமல் தாங்கப் பக்கங்களில் இரு சிறு சில்லுகள், நடுவே 264 கன சென்டிமீற்றர் கொள்ளளவும் அரைக் குதிரைவலுவும் கொண்ட இயந்திரம் ஆகியவை அதன் உறுப்புகள். நவம்பர் மாதத்தில் கான்ஸ்டாட்டிலிருந்து உன்டர்டூர்க்ஹைம் வரை சுமார் மூன்று கிலோமீற்றர் தூரம், மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் அது ஓடியது. ஓட்டியவர் டெய்ம்லரின் மகன் என்பாரும் மேபாக் என்பாரும் உளர். ஆசனத்துக்கு நேர் கீழே தீமூட்டும் குழாய் எரிந்துகொண்டிருந்தமையால் ஆசனம் தீப்பற்றியதாகவும் சொல்லப்படுகின்றது. மோட்டார் சைக்கிள் ஒன்றை உலகுக்கு அளிப்பது அவர்களது நோக்கமன்று. தமது இயந்திரம் ஒரு மனிதனைச் சுமந்து செல்லுமா என்பதைப் பரீட்சிக்க அவர்களுக்கு மிகச் சிறிய வண்டியொன்று தேவைப்பட்டது. அந்த மூல வண்டி 1903 இல் கான்ஸ்டாட் தொழிற்சாலையில் மூண்ட தீயில் அழிந்தது. இன்று நூதனசாலைகளில் உள்ளவை அதன் பிரதிகளே.

1886 ஜனவரியில் மான்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் தமது மூன்று சில்லு வாகனத்துக்கு ஆக்கவுரிமை கோரினார். அதே ஆண்டில் டெய்ம்லரும் மேபாக்கும் குதிரை வண்டியொன்றை வாங்கி அதில் தம் இயந்திரத்தைப் பொருத்தினர். இயந்திரத்தையும் வண்டியையும் ஒரே பொருளாகச் சிந்தித்தவர் என்ற பெருமை இவ்விடயத்தில் பென்ஸுக்கே உரியது. மேபாக் இதனை உணர்ந்திருந்தார் போலும். 1889 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட உருக்குச் சில்லு வாகனத்தில் குதிரை வண்டியின் சாயலே இருக்கவில்லை. உருக்குக் குழாய்களாலான இலேசான சட்டமும், பற்சில்லுகளால் இயங்கும் நான்கு வேக மாற்றியும், இரு சிலிண்டர்கள் வி எழுத்துப்போல் 17 பாகை சாய்ந்து நிற்கும் இயந்திரமும் அதிலிருந்தன. இரு சிலிண்டர்களின் பிஸ்டன்களும் ஒரே வளைதண்டைச் சுழற்றியதால் இடமும் எடையும் மிச்சமாயின. பிற்காலத்தில் எத்தனையோ மோட்டார் சைக்கிள்களின் அடையாளமாக விளங்கிய வி இரட்டை இயந்திரத்தின் முன்னோடி இதுவாகும். பிரான்ஸின் பன்ஹார்ட் லெவாஸர் நிறுவனம் இவ்வியந்திரத்தை ஆக்கும் உரிமையைப் பெற்றது. பிரெஞ்சு மோட்டார் தொழில் அதிலிருந்தே வேரூன்றியது.

1890 இல் முதலீட்டாளர்களின் பணத்தோடு டெய்ம்லர் மோட்டார் கம்பனி உருவானபோது நிலைமை மாறியது. புதிய பங்காளிகளுக்கு நின்று இயங்கும் இயந்திரங்களை விற்று இலாபம் பெறுவதே முக்கியமாக இருந்தது. மேபாக்குக்கு வழங்கப்பட்ட ஒப்பந்தம் அவரது தகைமைக்கு ஏற்றதாக இல்லை. அவர் 1891 பெப்ரவரியில் விலகினார். டெய்ம்லர் தமது சொந்தப் பணத்தைக் கொடுத்து, கான்ஸ்டாட்டில் மூடிக்கிடந்த ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் அவர் ஆய்வைத் தொடர வழிசெய்தார். கம்பனியின் பெயர்ப்பலகை ஓரிடத்திலும் அதன் மூளை வேறோரிடத்திலும் இருந்த காலம் அது.

அங்கு உருவானவற்றுள் மிக முக்கியமானது தெளிப்பு முறைக் கார்புரேட்டராகும். அதற்கு முன்னர் எரிபொருள் தேங்கிய பாத்திரத்தின் மேலாக வளியைச் செலுத்தி, ஆவியாகும் அளவை மட்டும் இயந்திரம் உறிஞ்சியது. எரிபொருளின் இலேசான பகுதி முதலில் ஆவியாகிப் போக, பாரமான பகுதி அடியில் தங்கிவிடும். கலவையின் தன்மை நேரத்துக்கு நேரம் மாறும். மேபாக்கின் கருவியில் ஒரு மிதவை எரிபொருளின் மட்டத்தைச் சீராக வைத்திருக்கும். இயந்திரம் வளியை இழுக்கும்போது அவ்வோட்டத்தின் நடுவே நுண்ணிய துவாரமொன்றினூடாக எரிபொருள் தூவானமாகத் தெளிக்கப்படும். இயந்திரம் எவ்வளவு வளியை இழுக்கிறதோ அதற்கேற்ற அளவு எரிபொருளும் சேரும். 1893 இல் இதற்கு அவர் ஆக்கவுரிமை கோருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, ஹங்கேரியில் டொனாட் பாங்கியும் யானோஷ் சொங்காவும் இதையொத்த கருவிக்கு ஆக்கவுரிமை கோரியிருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். எனினும் மோட்டார் வாகனங்களில் பரவலாக வேரூன்றியது மேபாக்கின் அமைப்பாகும்.

இக்கருவியின் அருமையை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990 களில் வடக்கில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உத்தியை அப்போது சிறுவரும் அறிந்திருந்தனர். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு வெப்பம் வேண்டும். தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் இயந்திரங்களும் இவ்வாறே இயக்கப்பட்டன. இன்றைய புதிய வாகனங்களில் மின்னணு முறையில் எரிபொருளைப் பீச்சும் கருவிகள் கார்புரேட்டரின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆயினும் நூறாண்டு காலம் உலகின் பெற்றோல் வாகனங்களில் பெரும்பாலானவை மிதவையும் துவாரமும் கொண்ட அந்த எளிய அமைப்பிலேயே தங்கியிருந்தன.

மேபாக் இல்லாத கம்பனி தளர்ந்தது. ஹோட்டல் மண்டபத்தில் உருவான பீனிக்ஸ் என்ற இயந்திரத்தின் உரிமையைப் பெற விரும்பிய பிரெட்ரிக் சிம்ஸ் என்ற ஆங்கிலேய வர்த்தகர், டெய்ம்லர் மீண்டும் அழைக்கப்பட்டாலே 350,000 மார்க் தருவதாக நிபந்தனை விதித்தார். 1895 நவம்பரில் இருவரும் கௌரவத்துடன் திரும்பினர். மேபாக் தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

1900 மார்ச் 6 ஆம் திகதி டெய்ம்லர் காலமானார். அம்மாத இறுதியிலேயே பிரான்ஸின் நீஸ் நகருக்கு அண்மையில் நடைபெற்ற மலையேற்றப் போட்டியில் கம்பனியின் சாரதி வில்ஹெல்ம் பவர், டெய்ம்லர் காரொன்றில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். குதிரை வண்டிபோல் உயர்ந்தும் குறுகியும் இருந்த வாகனத்தில் வலுமிக்க இயந்திரத்தைப் பூட்டியதன் விளைவு அதுவென உணரப்பட்டது. நீஸில் இக்கார்களை விற்றுவந்த எமில் ஜெலினெக் என்ற வர்த்தகர், தாழ்வான, நீளமான, அகன்ற, இலேசான புதிய காரொன்றைக் கேட்டார். 36 கார்களுக்கு 550,000 மார்க் பெறுமதியான கட்டளையையும் வழங்கினார். அதற்குத் தம் மகளின் பெயரைச் சூட்ட வேண்டும் என்பதும் அவரது விருப்பம்.

அவ்வாண்டு டிசம்பரில் முதலாவது மெர்சிடிஸ் கையளிக்கப்பட்டது. அன்று மேபாக்குக்கு வயது 54. உருக்குத் தகட்டை அழுத்தி ஆக்கிய தாழ்வான சட்டத்தின் மீது, 5.9 லீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் 35 குதிரைவலுவும் கொண்ட இயந்திரம் முன்புறத்தில் பொருத்தப்பட்டிருந்தது. வளைதண்டுப் பெட்டி இலேசான கலப்புலோகத்தால் ஆனது. அதுவரை பிஸ்டனின் உறிஞ்சலால் தாமே திறந்த உள்வாங்கும் வால்வுகள், இதில் தண்டொன்றினால் உரிய நேரத்தில் திறக்கப்பட்டன. அதனால் இயந்திரத்தை மெதுவாகவும் விரைவாகவும் சாரதி விரும்பியவாறு இயக்க முடிந்தது. முகப்பில் 8,070 சிறு குழாய்களைத் தேன்கூடுபோல் அடுக்கிய றேடியேற்றர் இருந்தது. காற்றுப் படும் பரப்பு பெருகியமையால், முன்னர் தேவைப்பட்ட நீரில் பாதியளவே குளிர்விக்கப் போதுமானதாயிற்று. 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் இக்கார்கள் ஏனையவற்றைப் பின்தள்ளின. முன்னே இயந்திரம், அதன் முகத்தில் றேடியேற்றர், தாழ்ந்த உடல், ஏறத்தாழச் சமமான நான்கு சில்லுகள் என்ற உருவமே அதன்பின் கார் என்பதன் பொருளாயிற்று. பிரெஞ்சுக்காரர் மேபாக்கை வடிவமைப்பாளர்களின் அரசர் என அழைக்கத் தொடங்கினர். காரிலோ அவருடைய பெயர் இல்லை.

உள்ளூரில் அந்த அரசருக்குக் கிடைத்த மதிப்பு வேறு. டெய்ம்லரின் பாதுகாப்பு இல்லாத நிலையில் நிர்வாகத்தினர் அவரைச் சிறிது சிறிதாக ஒதுக்கினர். நோய்வாய்ப்பட்டு மீண்டபோது அவருக்கு அதிகாரமற்ற ஓர் ஆய்வு அறையே எஞ்சியது. அந்நிலையிலும் 1906 இல் ஆறு சிலிண்டர்களும் மேற்புறத்தில் அமைந்த வால்வுத் தண்டும் கொண்ட பந்தய இயந்திரமொன்றை வரைந்தளித்தார். 1907 ஆம் ஆண்டில், தாம் உயர்த்திய கம்பனியை விட்டு நிரந்தரமாக நீங்கினார்.

அறுபதைக் கடந்த அவருக்கு இன்னொரு தொடக்கம் காத்திருந்தது. 1908 ஓகஸ்டில் கவுண்ட் செப்பலினின் ஆகாயக்கப்பல் எக்டர்டிங்கனில் இயந்திரக் கோளாறினால் தரையிறங்கி, புயலில் சிக்கி எரிந்தது. அதற்கு நம்பகமான இயந்திரத்தை ஆக்கித் தரலாம் என மேபாக் முன்வந்தார். 1909 இல் இதற்கெனத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பை மூத்த மகன் கார்ல் ஏற்றார். தந்தை ஆலோசகராக நின்றார். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சேய் உடன்படிக்கை ஜேர்மனியில் விமான இயந்திர உற்பத்தியைத் தடைசெய்தபோது, அந்நிறுவனம் கார்களை ஆக்கத் தொடங்கியது. 1921 இல் பேர்லின் கண்காட்சியில் மேபாக் என்ற பெயர் தாங்கிய கார் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. அநாதை இல்லத்திலிருந்து வந்தவருக்கு ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி 1916 இல் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியிருந்தது.

1929 ஓகஸ்டில் கிராப் செப்பலின் ஆகாயக்கப்பல் ஐந்து மேபாக் இயந்திரங்களின் துணையுடன் உலகைச் சுற்றி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 29 ஆம் திகதி, தமது 83 ஆவது வயதில் வில்ஹெல்ம் மேபாக் காலமானார். கான்ஸ்டாட்டில் டெய்ம்லர் துயிலும் அதே மயானத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் காணாமல் போனவை அனைத்தும் நல்லவையல்ல. மனநோயினால் நீண்டகாலம் வைத்தியசாலைகளில் வாழ்ந்த அவரது இளைய மகன் அடோல்ப், 1940 இல் நாஜிகளின் திட்டமிட்ட கொலைகளுக்குப் பலியானார். அதே ஆட்சியின் தாங்கிகள் மேபாக் நிறுவனத்தின் இயந்திரங்களிலேயே ஓடின. இயலாதோரும் பயனுள்ளோரே என்று நம்பிய ஒரு மதபோதகரின் இல்லத்தில் தொடங்கிய குடும்பக் கதை, இயலாதோர் வாழத் தகுதியற்றோர் என்று தீர்ப்பிட்ட ஓர் அரசின் கையில் இவ்வாறு காயப்பட்டது. தொழில்நுட்பம் எவ்வளவு உயர்ந்தாலும் அது ஒரு சமூகத்தின் அறத்துக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

போரும் 2004 ஆம் ஆண்டின் கடற்கோளும் எண்ணற்ற பிள்ளைகளைப் பெற்றோரற்றவர்களாக்கிய நாடு எமது நாடு. இல்லங்களில் வளர்ந்த, வளரும் பிள்ளைகள் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் சிங்களவரிடையேயும் உள்ளனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் கைகள் போற்றுதற்குரியவை. ஆனால் அவர்களுள் எவர் கையில் பென்சில் நிற்கிறது, எவர் காது இயந்திரத்தின் ஓசையைப் பகுத்தறிகிறது என்று பார்ப்பதற்கும் ஒருவர் இருத்தல் வேண்டும். வேர்னர் ஒரு தொழிற்சாலையையும் மாலை வகுப்புக்குச் செல்லும் வாய்ப்பையும் கொடுத்தார். டெய்ம்லர் அப்பிள்ளையின் வரைபடத்தைக் கூர்ந்து நோக்கினார். இவ்விரண்டும் வாய்த்திராவிடின் ஹைல்புரோனின் அந்தச் சிறுவன் கூலியாளாக மறைந்திருப்பான். நாம் ஓட்டும் வண்டிகளும் இன்றைய உருவத்தை அடையப் பின்னும் பல்லாண்டுகள் சென்றிருக்கக்கூடும்.